ஊர் மறைந்த வெஸ்டர்ன்: குறைந்த செலவுப் படங்களும் பாலைநிலத் துரத்தலும் (1903–1966)

மான்டி ஹெல்மன் இயக்கிய ‘தி ஷூட்டிங்’ (1966) 82 நிமிடப் படம். தங்கம் தேடுகிறவர்களின் ஒரு சிறு முகாமில் தொடங்கி, ஆள் அரவமற்ற பாறைச் சரிவொன்றில் முடிகிறது. வழியில் ஒரு சின்னக் குடியிருப்பு வந்து போகிறது; கதை அங்கே நிற்பதில்லை. வெஸ்டர்ன் என்றதும் நமக்கு நினைவுவரும் மதுக்கடை, ஷெரீப் அலுவலகம், புழுதி பறக்கும் பிரதான வீதி எதுவும் இதில் கிடையாது. ஒரு பெண், அவள் பணம் தந்து அழைத்துப்போகும் இருவர், பின்தொடர்ந்து வந்து சேர்ந்துகொள்ளும் துப்பாக்கிக்காரன் ஒருவன். நால்வரும் யாரையோ துரத்திக்கொண்டு பாலைவனத்துக்குள் போகிறார்கள். யாரை, எதற்காக என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டுமே தெரியும். அவள் சொல்வதில்லை.

இந்தப் படத்தை விளக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவைச் சுட்டுகிறார்கள். ஹெல்மன் 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸில் சாமுவேல் பெக்கெட்டின் ‘வெயிட்டிங் ஃபார் கோதோ’ நாடகத்தை மேடையேற்றியவர். அதிலும் போட்ஸோவை டெக்சாஸ் பண்ணையாராகவும் லக்கியைச் செவ்விந்தியனாகவும் ஆக்கி, நாடகத்தையே ஒரு வெஸ்டர்னாக மாற்றியவர். ஆகவே ‘இருத்தலியல் வெஸ்டர்ன்’ என்ற முத்திரை எளிதில் ஒட்டிக்கொண்டது. அது தவறான முத்திரை அல்ல. ஆனால் அதை மட்டும் பார்த்தால், அறுபது ஆண்டுகளாக அமெரிக்காவின் மலிவுப் படங்களுக்குள் நடந்துவந்த ஒரு நீண்ட மாற்றம் கண்ணில் படாமல் போகிறது. ‘தி ஷூட்டிங்’ படத்தில் இல்லாதவை எல்லாம் ஒரே நாளில் ஒரே கலைஞரால் நீக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் போதாமல் ஒவ்வொன்றாக உதிர்ந்தவை அவை. கடைசியாக உதிர்ந்தது துரத்தலுக்கான காரணம். அதை மட்டும் பணமின்மை நீக்கவில்லை, இரண்டு கலைஞர்கள் தெரிந்தே நீக்கினார்கள் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டிலிருந்து மணலுக்கு

வெஸ்டர்ன் துரத்தல் பாலைவனத்தில் பிறக்கவில்லை. எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் எஸ். போர்ட்டர் 1903இல் எடுத்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ படத்தின் கொள்ளையர்கள் குதிரையில் தப்பி ஓடுவது நியூ ஜெர்சியின் மரங்களுக்கு நடுவே. ஏறத்தாழ 12 நிமிடமே ஓடும் அந்தப் படத்தில் ரயில் நிலையமும் நடனக் கூடமும் உண்டு. அங்கே கூடியிருக்கும் மக்கள்தான் துரத்துவதற்குப் புறப்படுகிறார்கள். துரத்தல் ஊரிலிருந்து கிளம்பி, ஊருக்காக நடக்கிறது. சட்டம் ஊரின் உடைமை. திருடன் அதை மீறியவன். இந்த அமைப்பு அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குப் பெரிதாக மாறவில்லை.

திரைத்தொழில் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு நிலம் மாறியது. தெற்குக் கலிபோர்னியாவில் ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. ஸ்டூடியோவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் மொஹாவி பாலைவனம் வந்துவிடும். அங்கே செட் போட வேண்டாம், விளக்கு வேண்டாம், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடாது. மரமும் வேலியும் மின்கம்பமும் இல்லாத வெளியில் 1870ஐ நம்பவைப்பதும் எளிது. பாலைவனத்தின் முதல் கவர்ச்சி அழகு அல்ல, இந்தச் சௌகரியம்தான்.

அந்தச் சௌகரியத்துக்குள் ஒரு கதை தானாகவே பொருந்தியது. பீட்டர் பி. கைன் எழுதி 1913இல் நூலாக வந்த ‘தி த்ரீ காட்ஃபாதர்ஸ்’ குறுநாவலில், வங்கியைக் கொள்ளையடித்துத் தப்பும் மூவர் பாலைவனத்தில் பிரசவித்து இறக்கும் ஒரு பெண்ணிடமிருந்து அவள் குழந்தையைப் பொறுப்பேற்கிறார்கள். ஹாலிவுட் இதை மீண்டும் மீண்டும் படமாக்கியது: 1916, 1919, 1929, 1936, 1948. இவற்றில் 1919இல் ஜான் ஃபோர்டு எடுத்த ‘மார்க்டு மென்’ இன்று கிடைப்பதில்லை. 1948இல் அவரே வண்ணத்தில் எடுத்ததுதான் பலருக்கும் தெரிந்தது. ஆனால் நம் வரலாற்றுக்கு முக்கியமானது நடுவில் உள்ள படம்: யூனிவர்சல் நிறுவனத்துக்காக வில்லியம் வைலர் 1929இல் எடுத்த ‘ஹெல்ஸ் ஹீரோஸ்’.

வைலர் 1920களில் யூனிவர்சலின் இரண்டு ரீல் வெஸ்டர்ன்களை வரிசையாக எடுத்துத் தொழில் கற்றவர். அந்தக் குறும்படங்கள் ஒவ்வொன்றும் ஒரு சில நாட்களில் முடிக்கப்பட வேண்டியவை. கதை எதுவானாலும் முடிவில் ஒரு குதிரைத் துரத்தல் இருந்தாக வேண்டும். பேசும்படக் காலம் தொடங்கியிருந்த அந்த வேளையில் ‘ஹெல்ஸ் ஹீரோஸ்’ படத்தை அவர் ஸ்டூடியோவுக்குள் எடுக்காமல் வெளியே கொண்டுபோனார். கேமராவின் இரைச்சல் ஒலிப்பதிவில் விழாதிருக்க அதை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தப் பெட்டியை மொஹாவியின் வெயிலில் இழுத்துப்போனார்கள். ஊர்க்காட்சிகளுக்குச் செட் போடவில்லை. தங்கம் தீர்ந்ததும் மக்கள் கைவிட்டுப்போன போடி என்ற கலிபோர்னியச் சுரங்க ஊரையே பயன்படுத்தினார்கள்.

படத்தின் தொடக்கத்தில் கொள்ளையர்களை ஊரார் துரத்துகிறார்கள். ஆனால் சிறிது நேரத்திலேயே அவர்கள் கதையிலிருந்து விலகிவிடுகிறார்கள். மணற்புயலில் குதிரைகள் போய்விடுகின்றன. தண்ணீர் இருக்கும் என்று நம்பி வந்த இடத்தில் தண்ணீர் இல்லை. மூன்று மனிதரும் கால்நடையாக நடக்கிறார்கள், ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசியாக எஞ்சியவன் விஷநீர் என்று தெரிந்தே ஒரு சுனையில் குடிக்கிறான். அது கொல்லும் முன் கிடைக்கும் ஒரு மணி நேர வலுவில் குழந்தையை ஊர் சேர்க்க வேண்டும். துரத்துகிறவன் யாரும் திரையில் இல்லை, தாகமே துரத்துகிறது. பின்னாளில் வரப்போகும் அத்தனை பாலைநிலத் துரத்தல்களுக்கும் விதை இந்தப் படத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆனாலும் இங்கே ஊர் இன்னும் இருக்கிறது. அது சென்று சேர வேண்டிய இடம், மன்னிப்பு கிடைக்கும் இடம். படம் முடிவதும் அங்கேதான்.

களைக்காத குதிரை

1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்கள் காட்டத் தொடங்கின. இரண்டாவது படம் மலிவாகவும் ஒரு மணி நேரத்துக்குள் முடிவதாகவும் இருந்தால் போதும். இந்தத் தேவையை நிரப்பியவை சிறு நிறுவனங்கள். மோனோகிராம் வெளியீடாக 1933 முதல் 1935 வரை வந்த லோன் ஸ்டார் வரிசையில் மட்டும் ஜான் வெய்ன் 16 படங்கள் நடித்தார். 1935இல் ஹெர்பர்ட் ஜே. யேட்ஸ் பல சிறு நிறுவனங்களை இணைத்து ரிபப்ளிக் பிக்சர்ஸைத் தொடங்கியபின் இந்த உற்பத்தி ஓர் ஆலையின் ஒழுங்கை அடைந்தது.

இந்தப் படங்களில் துரத்தல் ஏன் அவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. வசனக் காட்சி என்றால் ஒத்திகை, ஒலிப்பதிவு, விளக்கு, நடிகர்களின் நேரம் எல்லாம் வேண்டும். துரத்தலுக்கு ஒரு வாகனத்தின்மேல் ஏற்றிய கேமரா, குதிரை ஓட்டத் தெரிந்த சிலர், ஒரு நீண்ட மண்பாதை போதும். ஒலியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். யாகிமா கனட் போன்ற சாகசக் கலைஞர் ஒருவர் கிடைத்தால் நடிகரே தேவையில்லை. தொலைவில் ஓடும் குதிரைமேல் இருப்பவர் யார் என்பது தெரியாது என்பதால் ஒரு படத்துக்காக எடுத்த ஓட்டத்தை இன்னொரு படத்திலும் வெட்டி ஒட்டினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் வடமேற்கில் சாட்ஸ்வொர்த்தில் இருந்த ஐவர்சன் பண்ணையின் அதே பாறைகள் நூற்றுக்கணக்கான படங்களில் வருகின்றன.

பெரிய படங்களும் இந்த அறிவைக் கடன் வாங்கின. ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ (1939) மான்யுமென்ட் வேலியைப் புகழ்பெறச் செய்த படம். ஆனால் அதன் உச்சமான அப்பாச்சித் துரத்தல் அங்கே எடுக்கப்படவில்லை. மொஹாவியில் லூசெர்ன் என்ற வறண்ட ஏரிப் படுகையில், தட்டையான கெட்டித் தரையில், கனட்டை வைத்து எடுக்கப்பட்டது. அழகுக்கு ஒரு நிலம், வேகத்துக்கு வேறொரு நிலம்.

இந்தக் கட்டத்தின் துரத்தலில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. குதிரை களைப்பதில்லை. தண்ணீர் குடிக்க நிற்பதில்லை, கால் இடறுவதில்லை. நாயகனின் வெள்ளைக் குதிரைக்கு ரசிகர்கள் உண்டு. போஸ்டரில் அதன் பெயர் வரும். வைலர் படத்தில் உயிரைக் குடித்த அதே பாலைவனம் இங்கே ஒரு ஓடுதளம். வேகத்துக்குத் தடையில்லாத வெறும் தரை. சனிக்கிழமைக் காட்சிக்கு வந்த சிறுவர்களுக்கு இதில் கிடைத்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த வேகத்தில் உண்மையான ஓர் அழகு இருந்தது. ஆனால் நிலம் எதையும் பேசவில்லை.

வறட்சி வடிவமாதல்

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பு, பெரிய ஸ்டூடியோக்கள் திரையரங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு படங்களைக் கட்டுக்கட்டாக விற்கும் முறையை உடைத்தது. அதே காலத்தில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தது. பழைய மலிவு வெஸ்டர்ன்களே அதில் இலவசமாக ஓடின. 1954இல் வெளியான ‘டூ கன்ஸ் அண்ட் எ பேட்ஜ்’ படத்தோடு தொடர்வரிசை மலிவு வெஸ்டர்ன் முடிந்ததாக வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகக் குறிப்பிடுவார்கள். 1955இல் ‘கன்ஸ்மோக்’ தொலைக்காட்சியில் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட வெஸ்டர்ன் தொடர்கள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

இதன் விளைவு எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. தொலைக்காட்சி, ஊரை எடுத்துக்கொண்டது. வாரந்தோறும் ஒரே வீதி, ஒரே மதுக்கடை, ஒரே மார்ஷல் என்றால் ஒரு செட்டைப் பல ஆண்டு பயன்படுத்தலாம். சிறு திரையில் முகமும் உள்ளறையும் எடுபடும். அகன்ற வெளி எடுபடாது. அப்படியானால் திரையரங்குக்கு என்ன மிஞ்சியது? சினிமாஸ்கோப் அகலமும், அந்த அகலத்தை நிரப்பும் பாறையும் மணலும்.

தமிழ் அக இலக்கணத்தில் பாலை தனித்த நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து அடையும் நிலை. பிரிவும் வழிப்பறியும் அதற்கு உரியவை. 1950களின் பிற்பாதியில் வெஸ்டர்ன் அடைந்த மாற்றத்தை இதைவிடப் பொருத்தமாக விளக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. பணமும் பார்வையாளரும் வற்ற வற்ற, ஊரும் பண்ணையும் மந்தையும் திரிந்து பாலையாயின. அந்தத் திரிபை வடிவமாக்கியவர்கள் இயக்குநர் பட் போட்டிச்சர், எழுத்தாளர் பர்ட் கென்னடி, நடிகர் ராண்டால்ஃப் ஸ்காட் ஆகிய மூவர்.

இவர்களின் கூட்டு ‘செவன் மென் ஃப்ரம் நவ்’ (1956) படத்தில் தொடங்கியது. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாஸான் 1957இல் ‘கையே து சினிமா’ இதழில் அதை முன்மாதிரி வெஸ்டர்ன் என்று பாராட்டி எழுதினார். பிறகு கென்னடியின் எழுத்தில் ‘தி டால் டி’ (1957), ‘ரைடு லோன்சம்’ (1959), ‘கமான்ச்சி ஸ்டேஷன்’ (1960) வந்தன. மூன்றும் எண்பது நிமிடத்துக்குள் முடிபவை. படப்பிடிப்பு சில வாரங்கள்தான். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஏறத்தாழ 200 மைல் வடக்கே, சியெரா நெவாடா மலையடிவாரத்தில் உள்ள லோன் பைன் என்ற சிற்றூரை ஒட்டிய அலபாமா குன்றுகளே இவற்றின் நிலம். மௌனப்பட நாளிலிருந்தே வெஸ்டர்ன் குழுக்கள் போய்வந்த இடம் அது.

‘ரைடு லோன்சம்’ 73 நிமிடம். பென் பிரிகேடு என்ற பரிசுப்பண வேட்டைக்காரன், பில்லி ஜான் என்ற இளம் கொலைகாரனைப் பிடித்துக்கொண்டு போகிறான். பில்லியின் அண்ணன் ஃப்ராங்க் ஆட்களோடு பின்னால் வருகிறான். இவர்களோடு ஒட்டிக்கொள்ளும் இரண்டு முன்னாள் குற்றவாளிகள், கணவனை இழந்த ஒரு பெண். அவ்வளவே கூட்டம். படத்தின் பாதி கழிந்தபின்தான் ஒரு விஷயம் உறைக்கிறது: பிரிகேடு வேகமாகப் போகவில்லை. மறைவான பாதை இருக்கும்போதும் திறந்த வெளியில் போகிறான். அவனுக்குப் பரிசுப்பணம் முக்கியமில்லை, பில்லியும் முக்கியமில்லை. தன் மனைவியைத் தூக்கிலிட்ட ஃப்ராங்க் தன்னைப் பிடிக்க வர வேண்டும், அந்தத் தூக்கு மரத்தடிக்கே வர வேண்டும் என்பதுதான் கணக்கு. துரத்தப்படுகிறவன் துரத்துகிறவனை அழைத்துப்போகிறான்.

மலிவு வெஸ்டர்னின் மிகப் பழைய தந்திரம் இங்கே தலைகீழானது. ஓட்டம் நடையானது. கேமராவுக்கு முன்னால் குதிரைகள் மெதுவாகப் போகின்றன. பேச்சு, நடுவில் மௌனம், ஒருவர் மற்றவரை எடைபோடும் பார்வை. பணம் இல்லாததால் கூட்டமில்லை, கூட்டமில்லாததால் ஒவ்வொருவரும் கனம் பெறுகிறார்கள். கடைசியில் பிரிகேடு அந்த மரத்துக்குத் தீ வைக்கிறான். ஊர் எங்கும் வரவில்லை. ஆனால் நீதி இருக்கிறது, பழிக்குக் காரணம் இருக்கிறது, பார்வையாளருக்கு அது முழுதாகச் சொல்லப்படுகிறது. போட்டிச்சரின் பாலைவனம் வெறுமையானது, எனினும் அங்கே கணக்குத் தீர்க்கப்படுகிறது.

கனாப், 1965

ரோஜர் கார்மன் இயக்கிய முதல் படமே ஒரு மலிவு வெஸ்டர்ன். ‘ஃபைவ் கன்ஸ் வெஸ்ட்’ (1955) ஐவர்சன் பண்ணையில், ஒன்பது நாளில் எடுக்கப்பட்டது. மன்னிப்புப் பெற்ற ஐந்து குற்றவாளிகள் ஒரு வண்டியை மறிக்கப் போகும் கதை. சிறு குழுவை வெட்டவெளியில் விட்டுவிட்டால் படம் தானே நகரும் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தவர். 1964இல் ஹெல்மனும் ஜாக் நிக்கல்சனும் பிலிப்பைன்ஸில் ‘பேக் டோர் டு ஹெல்’, ‘ஃப்ளைட் டு ஃப்யூரி’ என்ற இரு மலிவுப் படங்களை அடுத்தடுத்து முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த வேறொரு கதையைக் கார்மன் ஏற்காமல் வெஸ்டர்ன் எடுக்கச் சொன்னார். ஒன்றுக்குச் செய்யும் பயணச் செலவில் இரண்டாக எடுக்கலாமே என்றார். ஒவ்வொன்றுக்கும் 75,000 டாலர். திரையில் அவர் பெயர் இல்லை. தயாரிப்பாளர்களாக ஹெல்மனும் நிக்கல்சனும் இருந்தார்கள்.

இடம் தெற்கு யூட்டாவின் கனாப். 1920களில் டாம் மிக்ஸ் காலத்திலிருந்தே வெஸ்டர்ன் குழுக்களைத் தங்கவைத்துப் பிழைத்த ஊர். சிறிய குழு, ஒளிப்பதிவுக்கு கிரெகரி சாண்டர், பெரும்பாலும் இயற்கை வெளிச்சம். இரண்டு படங்களையும் ஹெல்மனே தொகுத்தார். நடிகர் தேர்வு அந்தக் காலத்தின் சந்தையைக் காட்டுகிறது: வில் ஹட்சின்ஸ் ‘ஷுகர்ஃபுட்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன், வாரன் ஓட்ஸ் தொலைக்காட்சி வெஸ்டர்ன்களிலும் பெக்கின்பாவின் ‘ரைடு த ஹை கன்ட்ரி’ (1962) போன்ற படங்களிலும் துணைப் பாத்திரங்களில் வந்துகொண்டிருந்தவர், மில்லி பெர்கின்ஸ் ‘தி டயரி ஆஃப் ஆன் ஃப்ராங்க்’ (1959) படத்தில் அறிமுகமானவர். 

‘தி ஷூட்டிங்’ படத்தின் திரைக்கதையை எழுதியவர் கரோல் ஈஸ்ட்மன். ஏட்ரியன் ஜாய்ஸ் என்ற புனைபெயரில் எழுதினார். ஆணா பெண்ணா என்று பிடிபடாத பெயர். ஜெஃப் கோரியின் நடிப்பு வகுப்பில் நிக்கல்சனோடு படித்தவர். ‘ஃபைவ் ஈசி பீசஸ்’ (1970) எழுதப்போகிறவர். இந்த வரலாற்றில் இதுவரை வந்த பெண்களை எண்ணிப் பார்த்தால் அவர் செய்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும். கைனின் கதையில் பெண் பிரசவித்து இறக்கிறாள். ‘ரைடு லோன்சம்’ படத்தில் பெண் காக்கப்பட வேண்டியவள். இன்னொரு பெண் கதைக்கு முன்பே இறந்துவிட்டவள். ஈஸ்ட்மனின் கதையில் துரத்தலைத் தொடங்குகிறவள், நடத்துகிறவள், பணம் கொடுக்கிறவள், முடித்துவைக்கிறவள் எல்லாம் பெண். அவளுக்குப் பெயர் கூட வைக்கப்படவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வில்லட் காஷேடு (ஓட்ஸ்) முன்னாள் பரிசுப்பண வேட்டைக்காரன். தன் முகாமுக்குத் திரும்பும்போது கூட்டாளி ஒருவன் சுடப்பட்டு இறந்திருக்கிறான். அப்பாவியான கோலி (ஹட்சின்ஸ்) நடுங்கிக்கொண்டிருக்கிறான். காஷேடின் சகோதரன் காயின் ஓடிவிட்டான். ஊரில் காயின் யாரையோ குதிரையால் மிதித்துவிட்டான், அதில் ஒரு குழந்தையும் இருக்கலாம் என்று குழப்பமாகச் செய்தி. அப்போது அந்தப் பெண் வருகிறாள். கால் முறிந்ததென்று தன் குதிரையைச் சுட்டுவிடுகிறாள். காஷேடு பார்க்கும்போது அதன் கால் முறியவில்லை. கிங்ஸ்லி என்ற ஊருக்குத் தன்னை அழைத்துப்போகப் பணம் தருகிறாள். அந்த ஊரைப் படம் கடைசிவரை காட்டுவதில்லை. ஊர் வெறும் பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது.

பெண் சுட்ட அந்த முதல் குதிரையை நான் இந்தப் படத்தின் திறவுகோலாகப் பார்க்கிறேன். முப்பது ஆண்டுகளாகக் களைக்காமல் ஓடிய மலிவு வெஸ்டர்னின் குதிரை இங்கே முதல் காட்சிகளிலேயே காரணமின்றிக் கொல்லப்படுகிறது. அதன்பின் படம் முழுவதும் குதிரைகளின் கணக்காகவே நடக்கிறது. அவள் ஓட்டிய ஓட்டத்தில் குதிரை விழுகிறது. இருக்கும் குதிரைகளைப் பங்கிட வேண்டியிருக்கிறது. இடமில்லாமல் கோலி நடுவழியில் விடப்படுகிறான். கால் முறிந்து பாலைவனத்தில் கிடக்கும் ஒரு தாடிக்காரரைக் கடந்து போகிறார்கள். அவருடைய குதிரை பின்னால் தனியாக விடப்பட்ட கோலியின் கையில் கிடைக்கிறது. அதில் ஏறித் திரும்பி வந்து, பின்தொடர்ந்து வந்து சேர்ந்த துப்பாக்கிக்காரன் பில்லி ஸ்பியரை (நிக்கல்சன்) எதிர்க்கும்போது சுடப்பட்டு இறக்கிறான். முடிவில் எல்லோரும் நடக்கிறார்கள். வைலர் 1929இல் காட்டிய நடை திரும்பி வருகிறது, ஆனால் இந்தமுறை சென்று சேர ஊரும் இல்லை, காப்பாற்றக் குழந்தையும் இல்லை. அங்கே ஒரு குழந்தையின் உயிருக்காக நடந்தார்கள். இங்கே, ஒருவேளை, ஒரு குழந்தையின் சாவுக்காக.

அந்த ‘ஒருவேளை’யில்தான் ஈஸ்ட்மன், ஹெல்மன் இருவரின் செயல் இருக்கிறது. திரைக்கதையின் தொடக்கத்தில் இருந்த விளக்கமான பக்கங்களை ஹெல்மன் எடுத்துவிட்டார். அதனால் பெரிய பணம் ஒன்றும் மிச்சமாகியிருக்காது. காரணத்தைச் சொல்லும் இரண்டு வரி வசனம் மலிவானது; அந்த முகாமிலேயே, அதே வெயிலிலேயே எடுத்திருக்கலாம். ஊரையும் கூட்டத்தையும் விளக்கையும் பணமின்மை பறித்தது என்று சொல்லலாம். காரணத்தைப் பறித்தது பணமின்மை அன்று. போட்டிச்சர் நிறுத்திய இடத்திலிருந்து இவர்கள் ஒரு படி மேலே போனார்கள். பிரிகேடின் திட்டம் தாமதமாகவேனும் நமக்குச் சொல்லப்பட்டது. இந்தப் பெண்ணின் திட்டத்தை நாம் ஊகிக்க மட்டுமே முடியும்.

முடிவில் காஷேடு ஸ்பியரின் துப்பாக்கிக் கையைக் கல்லால் நசுக்குகிறான். பெண் பாறைமேல் ஏறிப்போகிறாள். மேலே நிற்பவன் திரும்பும்போது தெரியும் முகம் காஷேடின் முகம்: ஓட்ஸ் இரண்டு வேடமும் ஏற்றிருக்கிறார். துப்பாக்கிச் சூடு மெதுவோட்டத்தில், உறைந்து உறைந்து நகரும் படச்சட்டங்களில் காட்டப்படுகிறது. அதிபர் கென்னடி கொலையில் கைதான ஆஸ்வால்டு சுடப்பட்டதைத் தொலைக்காட்சியில் கண்ட தலைமுறைக்கு இது எதை நினைவூட்டியிருக்கும் என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் வரலாற்றின் பார்வையில் இன்னொன்றும் தெரிகிறது. துரத்தல் அதன் தர்க்கத்தின் கடைசிப் புள்ளியை அடைந்துவிட்டது. ஊரார் திருடனைத் துரத்தினார்கள். தாகம் மனிதரைத் துரத்தியது. துரத்தப்பட்டவன் துரத்துகிறவனை வரவழைத்தான். இப்போது துரத்துகிறவன் தன் முகத்தையே சென்றடைகிறான்.

ஒரு சோதனை

பணமின்மை மட்டுமே வடிவத்தைத் தீர்மானித்தது என்று வாதிட முடியாது என்பதற்குச் சான்று இந்தப் படத்தின் இரட்டைப் படமே. ‘ரைடு இன் த வேர்ல்விண்ட்’ அதே பணத்தில், அதே கனாப்பில், அதே ஒளிப்பதிவாளரோடு, பெரும்பாலும் அதே குழுவோடு எடுக்கப்பட்டது. எழுதியவர் நிக்கல்சன். வழிப்போக்கரான மூன்று மாட்டுக்காரர்கள் கொள்ளையரோடு ஓரிரவு தங்க நேர்ந்ததால், அவர்களையும் கொள்ளையர் என்று எண்ணித் துரத்துகிறது ஊராரின் படை. இருவர் தப்பி ஒரு குடியானவனின் வீட்டுக்குள் புகுகிறார்கள். இங்கே துரத்தலுக்குக் காரணம் தெளிவு, அது தவறான காரணம் என்பதும் தெளிவு. வீடு இருக்கிறது, அடுப்பும் வெட்டப்படும் மரக்கட்டையும் இருக்கின்றன, நாள் முழுவதும் உழைக்கும் குடும்பம் இருக்கிறது. நிக்கல்சன் அக்காலத்து நாட்குறிப்புகளைப் படித்து அந்த வறண்ட, சொற்சிக்கனமான பேச்சைப் பிடித்தார். நல்ல படம், சில இடங்களில் ‘தி ஷூட்டிங்’ படத்தைவிட மனதைத் தொடுவது. ஆனால் 1903இன் அமைப்பு அதில் உயிரோடிருக்கிறது: ஊர் துரத்துகிறது, தனி மனிதன் ஓடுகிறான். ஒரே வறுமை இரண்டு வேறு படங்களைத் தந்தது. வேறுபாடு எழுத்திலிருந்து வந்தது. ஈஸ்ட்மனுக்கு இதுவரை கொடுக்கப்பட்டதைவிட அதிகமான இடம் இந்த வரலாற்றில் கொடுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே 1966இல் கொலம்பியா நிறுவனம் ரிச்சர்ட் புரூக்ஸின் ‘தி புரொஃபெஷனல்ஸ்’ படத்தை வெளியிட்டது. அதுவும் பாலைவனத் துரத்தல்தான். பெரிய நட்சத்திரங்கள், ரயில், வெடிகள், மெக்சிகோப் படை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பாலைவனம் ஒன்றில் மேடையாகவும் மற்றொன்றில் கதையாகவும் இருப்பது புலப்படும்.

பிறகு நேர்ந்தவை

‘தி ஷூட்டிங்’ எடுக்கப்பட்ட காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளை அடையவே இல்லை. 1966இல் நிக்கல்சன் இரண்டு படங்களையும் ஐரோப்பாவுக்கு எடுத்துப்போனார். வெளிநாட்டு உரிமையை வாங்கிய பிரெஞ்சுத் தயாரிப்பாளர் திவாலாக, படச்சுருள்கள் பாரிஸில் முடங்கின. அமெரிக்க உரிமையை வாங்கிய வால்டர் ரீடு நிறுவனம் 1968இல் அவற்றை நேரே தொலைக்காட்சிக்கு விற்றுவிட்டது. மலிவு வெஸ்டர்னைத் திரையரங்கிலிருந்து துரத்திய அதே பெட்டிக்குள் அந்த மரபின் கடைசி வாரிசும் போய்ச் சேர்ந்தது. பாரிஸ் ரசிகர்கள் கண்டெடுத்துப் போற்றினார்கள்; நிக்கல்சன் புகழடைந்தபின் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் தாமதமாகத் திரையிட்டார்கள்.

ஆனால் வடிவம் நிற்கவில்லை. ஹெல்மன் 1971இல் ‘டூ-லேன் பிளாக்டாப்’ படத்தில் குதிரைகளுக்குப் பதிலாகக் கார்களை வைத்தார். பெயரற்ற பாத்திரங்கள், ஓட்ஸ், முடிவுறாத பந்தயம். அதே ஆண்டு ஸ்டீவன் ஸ்பில்பர்க் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘டூயல்’ படத்தில் ஓட்டுநரின் முகம் தெரியாத லாரி ஒன்று காரணம் சொல்லாமல் ஒரு மனிதனை வறண்ட சாலைகளில் துரத்துகிறது. விமர்சகர் பவுலீன் கேல் ஜோடோரோவ்ஸ்கியின் ‘எல் டோபோ’ பற்றி எழுதும்போது கையாண்ட ‘ஆசிட் வெஸ்டர்ன்’ என்ற பெயரை, ஜிம் ஜார்முஷின் ‘டெட் மேன்’ (1995) வந்தபோது ஜானதன் ரோசன்பாம் விரித்து ஒரு மரபாக்கினார். அதில் ‘தி ஷூட்டிங்’ படத்துக்கு முன்னோடியின் இடம் கிடைத்தது. 2014இல் கிரைட்டீரியன் நிறுவனம் இரண்டு படங்களையும் ஒரே தொகுப்பாகச் சீரமைத்து வெளியிட்டது.

இவற்றில் ஈஸ்ட்மனுக்கு மிக நெருங்கி வருவது கெல்லி ரெய்கார்டின் ‘மீக்ஸ் கட்ஆஃப்’ (2010). 1845இல் ஸ்டீபன் மீக் என்ற வழிகாட்டியை நம்பி ஒரேகன் பாலைவெளியில் வழிதவறிய குடியேறிகளின் கதை. ஜான் ரேமண்டின் எழுத்தில், பழைய சதுர வடிவத் திரையில், மூன்று குடும்பங்கள் தண்ணீர் தேடி வண்டியோடு நடக்கின்றன. அங்கும் துப்பாக்கியை எடுப்பது ஒரு பெண். அங்கும் ஊர் கண்ணில் படுவதில்லை. ரெய்கார்டு துரத்தலையும் நீக்கிவிட்டார். பாலைநிலத்தில் நடத்தல் மட்டும் இருக்கிறது, அவர்கள் தண்ணீரை அடைந்தார்களா என்று சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது.